அர்த்தநாரியின் காது

நாலு நாளாக உங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று போனில் ஒரு பெண் சொன்னபோது, சுகந்தி பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது இட்லிக்குச் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தியமங்கலத்தில் தங்கை மகள் கல்யாணம். நாதஸ்வரக்காரர் காதுக்கு நேராக ஊதிக்கொண்டிருந்ததால், தப்பாகக் கேட்டதோ என்று எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனாள்.

“என்னம்மா சொல்றீங்க? நேத்துப் பொழுதோடகூட எங்கிட்ட போன்ல பேசுனாரே.”

“போன் பேச்சு எங்க கணக்குல வராதுங்க மேடம். வீட்டுல பேசறதைத்தான் காது எடுக்கும். காது நல்லாத்தான் வேலை செய்யுது, மருந்தும் ஒழுங்கா இறங்குது. பேச்சு மட்டும் வெள்ளிக்கிழமையிலருந்து பூஜ்யம். உடனே ஆளைக் கூட்டிட்டு வந்துருங்க.”

காது என்பது அர்த்தநாரியின் வலது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்குள் புதைத்து வைத்திருக்கும் ஒரு வில்லை. பழைய பத்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். மாற்றுச் சிறுநீரகம் வைத்த எல்லோருக்கும் அந்த வருஷங்களில் அதை வைத்து அனுப்பினார்கள். சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க வேண்டிய மருந்தை நேரம் தவறாமல் இறக்கிவிடுவது அதன் முதல் வேலை. நோயாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பது இரண்டாவது வேலை. அந்த மருந்தைப் பல வருஷம் எடுப்பவர்களில் சிலருக்கு மூளைக்குள் கட்டி வரும் என்றும், ஸ்கேனில் தெரிவதற்கு முன்னால் பேச்சில்தான் தெரியும் என்றும் சொன்னார்கள். தினப்படி வார்த்தைகள் ஒன்றிரண்டாகக் காணாமல் போக ஆரம்பித்தால் காது கண்டுபிடித்து மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். மூன்று வருஷமாக அர்த்தநாரியின் காது ஒரு குறையும் சொன்னதில்லை.

சுகந்தி தாலி கட்டும்வரைகூட இருக்கவில்லை. தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்தும் பாராதவள்போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோபி வழியாக ஈரோடு, ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு. ஓட்டுநர் இல்லாத பஸ், ஒரே வேகத்தில் போனது. ஆள் ஓட்டுகிற வண்டியாக இருந்தால் முன்னால் போய், கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணா என்று கெஞ்சியாவது இருக்கலாம். இதனிடம் யார் கெஞ்சுவது? இருக்கையில் உட்கார முடியாமல் எழுந்து நிற்பதும், நின்றவள் மறுபடி உட்காருவதுமாக வந்தாள்.

அர்த்தநாரி கல்யாணத்துக்கு வரவில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் கட்டிப் போட்டவர்களுக்குக் கூட்டம் ஆகாது. இருபது வருஷம் போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று சுற்றிய மனுஷன். வலி மாத்திரையைக் கடலை மிட்டாய் மாதிரித் தின்று சிறுநீரகம் இரண்டையும் கெடுத்துக்கொண்டான். இரண்டு வருஷம் டயாலிசிஸ். அதன்பின் சுகந்தி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவனைத் தனியே விட்டு ஒரு நாளைக்கு மேல் எங்கும் தங்கியதில்லை. நாலு நாள் பிரிந்தது இதுதான் முதல் தடவை. நேரம் பார்த்து வந்து சேர்ந்ததே இந்தப் போன் என்று அவளுக்கு எரிச்சலும் பயமும் ஒன்றாகவே வந்தன.

வீட்டுக்குள் நுழைந்தால் அர்த்தநாரி சோபாவில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு ஈஸ்வரியோடு பேசிக்கொண்டிருந்தான்.

சுகந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே மருத்துவமனைக்காரர்கள் மேல் கோபமும் வந்தது. “இத்தனை பேசிட்டிருக்கறாரு, பேச்சே இல்லைங்கறாளே அவ” என்று பையைக் கீழே வைத்தாள்.

“கல்யாணம்...” என்றான் அர்த்தநாரி.

“நல்லா நடந்துட்டிருக்குதுங்க. மாப்பிள்ளை உங்களைத்தான் கேட்டாரு.”

“அந்த, மேல...”

“போடறனுங்க” என்று மின்விசிறியைப் போட்டாள்.

ஈஸ்வரி வாசல்வரை வந்து சுகந்தியின் கையைப் பிடித்தாள். “அக்கா, நீ இருந்தா ஒண்ணும் தெரியறதில்ல. இந்த நாலு நாளா அண்ணன் என்ன கேக்கறாருன்னே எனக்குப் புரியலக்கா. தண்ணியைக் கேக்கறதுக்கு அந்த ஓடறது, ஓடறதுங்கறாரு. நீ எப்படித்தான் புரிஞ்சுக்கறயோ.”

சுகந்தி உள்ளே வந்து சமையல் மேடையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். “ஏனுங்க, இது என்ன?”

“விளையாடறியா?” என்று சிரித்தான்.

“சும்மா சொல்லுங்களே.”

அவன் கரண்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருக்கிற பார்வை அது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். “அது... சோறு... அள்றது” என்றான்.

அவளுக்குப் பொக்கென்று போய்விட்டது. இருபத்தாறு வருஷமாக அவன் பாதி சொன்னால் மீதியை அவள் சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் அது ஒரு செல்லம். ரிக்கில் போய்விட்டு பல மாதம் கழித்து வருகிற புருஷனைப் பேச வைத்துச் சிரமப்படுத்துவானேன் என்று ஆரம்பித்தது, பிறகு வீட்டின் சட்டமாகவே ஆகிவிட்டது. அதில் எது பழக்கம், எது நோய் என்று இப்போது எங்கே போய்ப் பிரிப்பது? எந்த நாளில் அவன் சோம்பேறித்தனத்துக்குப் பேசாமல் விட்டான், எந்த நாளிலிருந்து வார்த்தை இல்லாமல் விட்டான் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை கோயம்புத்தூர் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ரெஜினா நாற்பது வயதுக்காரி, எதையும் மழுப்பாமல் சொல்கிறவள். படத்தைத் திருப்பிக் காட்டினாள். இடது பக்கம் மூளைக்குள் மூன்று வெள்ளைத் திட்டுகள்.

“லிம்போமா. ஒரு வகைப் புத்துநோய்க் கட்டி. அஞ்சு மாசமாவது ஆகியிருக்கும். காது ஏன் சொல்லலேன்னுதான் எனக்குப் புரியல. இருங்க, அது எடுத்து வெச்ச பேச்சைக் கேட்டுப் பார்ப்போம்.”

மேஜைமேல் இருந்த பெட்டியைத் தட்டினாள். முதலில் ஒரு அறிக்கை வந்தது. நோயாளியின் சொல்வளம் மிகச் சிறப்பு, நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினோராயிரம் வார்த்தைகள் என்றது. சுகந்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பதினோராயிரம் வார்த்தை அவன் கல்யாணத்துக்குப் பிறகு மொத்தமாகப் பேசியிருந்தால் அதிசயம்.

பிறகு குரல் வந்தது.

“கீரை என்ன இப்படி வாடிக் கெடக்குது, நேத்து வித்ததா? ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா? போட்டாச்சுங்களா, சரி. ஈஸ்வரி, உங்கூட்டு மோட்டாரு ஓடிட்டே இருக்குது பாரு...”

டாக்டர் ரெஜினா பெட்டியை நிறுத்திவிட்டு சுகந்தியைப் பார்த்தாள். மறுபடி வேறொரு நாளைத் தட்டினாள். அதிலும் சுகந்தி. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், எங்கே தொட்டாலும் சுகந்தி. மூன்று வருஷமாக அர்த்தநாரியின் தோளுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தக் காது சுகந்தியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நாலு நாள் கல்யாணத்துக்குப் போனதும் நோயாளி ஊமையாகிவிட்டான் என்று அலறியிருக்கிறது.

“முதல் நாள் பதிவு பண்ணின குரலைத்தான் காது நோயாளின்னு எடுத்துக்கும். அப்ப யாரு பேசினது?” என்றாள் டாக்டர்.

சுகந்திக்கு நினைவு வந்தது. ஆபரேஷன் முடிந்த எட்டாவது நாள். நர்ஸ் ஒரு அட்டையை நீட்டி, பேரைச் சொல்லிவிட்டு இதைப் படியுங்கள் என்றாள். அர்த்தநாரிக்குத் தொண்டை கரகரப்பு, கண்ணாடி வேறு வீட்டில். அவன் அட்டையை இவள் பக்கம் தள்ளினான். நர்ஸுக்கு அடுத்த கட்டிலுக்குப் போகிற அவசரம். அர்த்தநாரி என்று பேரைச் சொல்லி, அட்டையில் இருந்ததைக் கணீரென்று படித்துக் கொடுத்தவள் சுகந்திதான். நன்றாகப் படித்தீர்கள் என்று நர்ஸ் பாராட்டக்கூடச் செய்தாள்.

“நானுங்க” என்றாள்.

டாக்டர் பெட்டியை அணைத்தாள். “எங்க ஆளும் கவனிச்சிருக்கணும். நானும் இந்த அறிக்கையை மாசாமாசம் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.”

அந்த ஆறுதல் சுகந்திக்கு ஏறவில்லை. தன் வாய் சும்மா இருந்திருந்தால் ஐந்து மாசத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். வாயாடி என்று ஊரே சொன்னபோது பெருமையாக இருந்தது. இப்போது அந்த வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

“எப்படிங்க வந்துச்சு இது?”

“அவர் உடம்போட காவல்படையை மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். இல்லேன்னா நீங்க குடுத்த கிட்னியை வெளியாள்னு அடிச்சுரும். சின்ன வயசுல எல்லாருக்கும் ஒரு வைரஸ் வந்து, போகாம ஓரமாப் பதுங்கிக் கெடக்கும். உங்களுக்குள்ளயும் இருக்கும், எனக்குள்ளயும் இருக்கும். காவல் முழிச்சிருக்கற வரைக்கும் அது தலை தூக்காது. இவருக்குக் காவல் தூக்கம். அது எந்திரிச்சு ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவைக் கெடுத்துருச்சு. கெட்டுப்போனது மூளைக்குள்ள போய்ப் பெருகிருச்சு.”

“வெட்டி எடுத்துருங்க.”

“மூணு இடம். ஆழத்துல இருக்கு. வெட்டினா பேச்சு மொத்தமாப் போயிரும். ஒரே வழி, தூங்க வெக்கற மருந்தை நிறுத்திக் காவல்படையை எழுப்பறது. இப்ப அதுக்குப் பயிற்சி குடுத்து அனுப்ப வழி இருக்கு. பாதிக்கு மேல பொழைச்சுக்கறாங்க. ஆனா எழுந்த படை கட்டியோட நிக்காது. கிட்னியையும் அடிக்கும். அது போயிரும். அவர் மறுபடி டயாலிசிஸ்தான்.”

“போனாப் போகட்டுமுங்க. என்னுது தானே. நிறுத்துங்க.”

“உங்களுது இல்லம்மா. குடுத்த நிமிஷத்துலருந்து அவருது. அவருதான் சொல்லணும்.”

இங்கேதான் சிக்கல். சொத்துக்காகவும் இன்சூரன்ஸுக்காகவும் வீட்டு ஆட்களே நோயாளியின் பேரில் முடிவெடுத்து அடிபிடி ஆன சில வழக்குகளுக்குப் பிறகு ஒரு சட்டம் வந்திருந்தது. மாற்று உறுப்பு போய்விடும் என்கிற எந்தச் சிகிச்சைக்கும் நோயாளி தன் சொந்தக் குரலில், யாரும் எடுத்துக் கொடுக்காமல் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன வந்திருக்கிறது, எது போகும், என்ன வேண்டும். நடுவில் வேறு யாராவது வாயைத் திறந்தால் பதிவு செல்லாது. இருபத்தொரு நாள் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு.

“இருபத்தொரு நாள்ல இவருக்கு வார்த்தையே மிச்சம் இருக்காது” என்றாள் டாக்டர். “பதிவாளர் அடுத்த திங்கள்தான் வர்றாரு. அதுக்குள்ள ஒரு வாரம் இருக்கு.”

அந்த ஒரு வாரம் சுகந்தி அடுப்பில் வைத்ததை மறந்தாள், குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள், உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும், வீட்டில் சொல்லிப் பழக்கினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று காலையும் மாலையும் அவனை எதிரே உட்கார வைத்தாள். கட்டி, கிட்னி, நிறுத்துங்க. மூன்றே வார்த்தை. அதைத் தவிர அவனிடம் வாயைத் திறக்கவே பயந்தாள். காலையில் மூன்றும் வரும். மதியம் ஒன்று ஓடிப்போகும். சாயங்காலம் அவன் கட்டியைப் பாறை என்பான்.

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை. அவனுக்கு வார்த்தை வந்துவிட்டால்? டயாலிசிஸ் இயந்திரத்தில் வாரம் மூன்று நாள் படுத்தவன் அவன். அங்கிருந்து வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். மறுபடியும் அதற்குப் போவதற்கு இப்படியே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டால் அதுவும் சொந்தக் குரல்தான். சட்டம் அதையும் மரியாதையாக எழுதிக்கொள்ளும். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டே விட்டாள். அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, “நீ... அது...” என்று நிறுத்திக்கொண்டான். பழைய சுகந்தியாக இருந்தால் தனக்கு வேண்டியதை வைத்து அதை முடித்திருப்பாள். இப்போது முடிக்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பதிவு. அவளை வெளியே நிறுத்தத்தான் முதலில் பார்த்தார்கள். அவள் கதவைத் தாண்டியதும் அர்த்தநாரி சக்கர நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். வேறு வழியில்லாமல், ஒரு சத்தமும் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு அவளை எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பதிவாளர் தாமோதரன் சேலத்துக்காரர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனிதர். “அம்மா, இருமல் வந்தாக்கூட அடக்கிக்குங்க” என்றார். சுகந்தி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

காதில் இப்போது அர்த்தநாரியின் குரலைத்தான் பதிந்து வைத்திருந்தார்கள். பேசினது அவன்தான், வாக்கியம் அர்த்தமாக இருக்கிறது என்றால் மேஜைமேல் பச்சை விளக்கு எரியும்.

“ஐயா, உங்களுக்கு என்ன வந்திருக்கு?”

“தலைக்குள்ள.” நெற்றியைத் தொட்டான். விரல்கள் தேடின. “தலைக்குள்ள பாறை.”

டாக்டர் ரெஜினா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பச்சை எரிந்தது. ரிக்காரன் பாறை என்றால் அது பாறைதான் என்று அந்த இயந்திரத்துக்கும் தோன்றிவிட்டது போலிருக்கிறது.

“மருந்தை நிறுத்தினா எது போகும்?”

அர்த்தநாரி வலது அடிவயிற்றில் கையை வைத்தான். “சுகந்தி” என்றான்.

தாமோதரன் பேனாவை நிறுத்தினார். விளக்கு எரியவில்லை. “ஆளைக் கேக்கலைங்க ஐயா. உறுப்பைக் கேக்கறேன்.”

“சுகந்தி இங்க இருக்குது.” கையை எடுக்காமலே சொன்னான். அவர் புரியாமல் பார்ப்பதைக் கண்டு குரலை உயர்த்தினான். “இவ குடுத்தது. அது போயிரும்.”

பச்சை எரிந்தது. சுகந்தியின் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. துடைத்தால் வளையல் சத்தம் போடுமோ என்று அப்படியே விட்டாள்.

“சரிங்க. கடைசிக் கேள்வி. உங்களுக்கு என்ன வேணும்? நிதானமாச் சொல்லுங்க.”

அர்த்தநாரி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மேஜையைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், கடைசியில் பழக்கப்படி அவளைப் பார்த்தான். சொல்லு என்று புருவம் ஏறியது. அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று அவளுக்குள் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவது நிமிஷமும் போயிற்று. தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். அர்த்தநாரியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. வார்த்தை கிடைக்காத கலக்கம் போய், அதில் வேறொரு பயம் ஏறியது. கண்ணீரோடு வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியை அவன் அப்போதுதான் பார்த்தவன்போலப் பார்த்தான்.

“இவளுக்கு என்னாச்சு?” என்றான் டாக்டரிடம். “ஒரு வாரமா இவ சரியாவே பேசறதில்ல. எனக்கு இவ பேசணும்.”

ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டாக்டர் ரெஜினா மெதுவாக, “சார், இதை என்னன்னு எழுதுவீங்க?” என்று கேட்டாள்.

“அவர் சொன்னதைத்தான் எழுதணும். என்ன வேணும்னு கேட்டேன். பெண்டாட்டி பேசணும்னாரு. சொந்தக் குரல், முழு வாக்கியம். அதுக்கு மேல அர்த்தம் பண்ண எனக்கு அதிகாரம் இல்ல.” சுகந்தி பக்கம் திரும்பினார். “அவர் கேட்டதைக் குடுக்கறதுதான் சட்டம். பேசுங்கம்மா.”

அவள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். ஒரு வாரமாகத் தொண்டையில் தயாராக நின்ற வார்த்தை அது. இப்போது அதைச் சொன்னால் போதும். அவன் நினைத்ததைத்தான் அவள் சொல்வாள் என்று இங்கே எல்லோரும் நம்புவார்கள், அவனும் நம்புவான். இருபத்தாறு வருஷமாக நம்பியிருக்கிறான். அவளுக்கோ அந்த நிமிஷத்தில் அவன் மனசில் என்ன இருந்தது என்று துளியும் தெரியவில்லை. எத்தனை வாக்கியத்தை இப்படித் தெரியாமலே முடித்து வைத்தோமோ என்று தோன்றியது.

“மருந்தை நிறுத்திருங்க” என்றாள். “நான் குடுத்தது போகட்டும். இவரு இருக்கோணும்.”

தாமோதரன் எழுத ஆரம்பித்தார். “நோயாளியின் விருப்பமாக...”

“இல்லீங்க” என்றாள் சுகந்தி. “அப்படி எழுதாதீங்க. இவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்க. டயாலிசிஸ் வேண்டாம்னுகூடச் சொல்லியிருப்பாரு. இது நான் சொல்றது. நாளைக்கு அந்த மெஷின்ல படுத்துட்டு என்னைத் திட்டுனாருன்னா, வாங்கிக்க நான் இருக்கறேன். என் பேர்லயே எழுதிக்குங்க.”

“அவர் உங்களைப் பேசச் சொன்னது பதிவுல இருக்கு, உங்க பேர்லயே செல்லும்” என்று தாமோதரன் எழுதியதை அடித்தார். அடுத்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “பேர் சொல்லுங்க.”

அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றாள். பதிவாளர் காத்திருந்தார்.

“சுகந்தி” என்றான் அர்த்தநாரி.

தாமோதரன் எழுதிக்கொண்டார்.